குதிகாலில் ஒரு துளி, திரையில் ஓர் எண்: பிறந்த குழந்தையின் சர்க்கரைச் சோதனையை எவ்வளவு நம்பலாம்?

பிறந்து இரண்டு மணி நேரம்தான் ஆகிறது. குழந்தையின் குதிகாலில் சின்னதாக ஒரு குத்து. ஒரு துளி ரத்தம் ஸ்ட்ரிப்பில் ஏறுகிறது. சில விநாடிகளில் குளுக்கோமீட்டர் திரையில் 38 என்று வருகிறது.

அடுத்த அரை மணி நேரத்தில் நடக்கப்போவதை எல்லாம் பெரும்பாலும் அந்த 38 தான் முடிவு செய்யும். தாய்ப்பால் கொடுத்துவிட்டுக் காத்திருக்கலாமா, டிரிப்ஸ் போடணுமா, அம்மாவின் பக்கத்திலிருந்து எடுத்து வார்மரில் வைக்கணுமா, ஆம்புலன்ஸ் கூப்பிட்டு வேறு மருத்துவமனைக்கு ரெஃபர் பண்ணணுமா? வேதாரண்யத்தில் பிறந்த குழந்தை என்றால் அந்த 'வேறு மருத்துவமனை' ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தள்ளி, நாகப்பட்டினம் பக்கம் இருக்கிறது. இல்லையென்றால் திருவாரூர். அங்கேயும் முடியாது என்றால் தஞ்சாவூர் ராசா மிராசுதார் மருத்துவமனை. பெற்றவள் தையலோடு இங்கே படுத்திருப்பாள். குழந்தையோடு அப்பாவும் அம்மாச்சியும் வண்டியில் போவார்கள்.

இவ்வளவையும் தாங்கி நிற்கிற அந்த எண் எவ்வளவு சரியானது? கேட்டால் கொஞ்சம் சங்கடமான பதில்தான் கிடைக்கும். மருந்துக்கடையில் கிடைக்கிற சாதாரண குளுக்கோமீட்டர், வீட்டில் உட்கார்ந்து தன் சர்க்கரையைத் தானே பார்த்துக்கொள்ளும் பெரியவர்களுக்காகச் செய்யப்பட்டது. பிறந்த குழந்தையின் ரத்தம் வேறு மாதிரி.

மீட்டரைத் தூக்கிப் போட வேண்டும் என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது மகா தப்பு. நான் கேட்பது இவ்வளவுதான்: பச்சிளங்குழந்தை வார்டுக்கு வாங்குகிற மீட்டரை, பச்சிளங்குழந்தைகளின் ரத்தத்தில் சரிபார்த்துவிட்டு வாங்குங்கள். அதுவரைக்கும் அது காட்டுகிற எண்ணை எச்சரிக்கை மணியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

பிறந்ததும் சர்க்கரை ஏன் குறைகிறது?

வயிற்றில் இருக்கும் வரை குழந்தைக்குக் குளுக்கோஸ் தொப்புள்கொடி வழியாக இருபத்துநாலு மணி நேரமும் வந்துகொண்டே இருக்கும். கொடியை வெட்டியதும் அந்த வரத்து நின்றுவிடுகிறது. இனி கல்லீரலில் சேர்த்து வைத்ததை எடுத்துச் செலவு செய்யணும், பால் குடிக்கக் கற்றுக்கொள்ளணும். இந்த மாற்றத்துக்கு நடுவே, முதல் ஒன்று இரண்டு மணி நேரத்தில் எல்லாக் குழந்தைக்கும் சர்க்கரை கொஞ்சம் இறங்கும். பிறகு தானாகவே ஏறிவிடும். நல்ல எடையோடு நிறைமாதத்தில் பிறந்து, நன்றாகப் பால் குடிக்கிற குழந்தைக்கு இதைச் சோதிக்கவே தேவையில்லை.

சிக்கல் சில குழந்தைகளுக்குத்தான். குறைமாதத்தில் பிறந்தது, எடை குறைவாகப் பிறந்தது, பிறக்கும்போது மூச்சுத் திணறியது, உடம்பு சில்லிட்டுப் போனது: இவற்றுக்கெல்லாம் கையிருப்பு குறைவு அல்லது செலவு அதிகம். இன்னொரு வகை, சர்க்கரை நோய் உள்ள தாய்க்குப் பிறந்த குழந்தை. தாயின் ரத்தத்தில் இருந்த அதிகச் சர்க்கரைக்குப் பழகி குழந்தையின் கணையம் இன்சுலினைக் கொட்டிக்கொண்டே இருக்கும். கொடியை வெட்டிய பிறகும் அது உடனே அடங்காது. பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கும் குழந்தைக்கு உள்ளே சர்க்கரை சரசரவென்று இறங்கும்.

இந்தக் கடைசி வகை நமக்கு ரொம்ப நெருக்கமானது. சென்னையைச் சேர்ந்த டாக்டர் வி. சேஷய்யாவும் அவருடைய குழுவினரும் தமிழ்நாட்டில் நடத்தி 2008-ல் வெளியிட்ட ஆய்வில், கர்ப்பகால சர்க்கரை நோய் நகரத்தில் 17.8 சதவீதம், சிறுநகரங்களில் 13.8 சதவீதம், கிராமங்களில் 9.9 சதவீதம் என்று வந்தது. கிராமத்திலேயே பத்தில் ஒருவர்! கர்ப்பிணிகளுக்கு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கிற சோதனை இன்று ஆரம்ப சுகாதார நிலையம் வரை வந்திருக்கிறது என்றால் அந்தக் குழுவின் வேலைக்கு அதில் பெரிய பங்கு உண்டு. தாய்க்குச் சோதனை பண்ணக் கற்றுக்கொண்டோம். அவள் பெற்ற குழந்தைக்குச் செய்கிற சோதனையைப் பற்றி அந்த அளவு பேசவில்லை.

பேச வேண்டிய காரணம் பெரியது. மூளைக்கு முக்கிய எரிபொருளே குளுக்கோஸ்தான். அது ரொம்பக் குறைந்து, நீண்ட நேரம் அப்படியே இருந்தால் மூளை சேதமடையும். குறிப்பாகத் தலையின் பின்பக்கம், பார்வை சம்பந்தப்பட்ட பகுதிகள். மும்பை இந்துஜா மருத்துவமனையின் குழந்தை நரம்பியல் மருத்துவர் விரஜேஷ் உதானியும் உடன் பணியாற்றியவர்களும் 2009-ல் 'இந்தியன் பீடியாட்ரிக்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை, பச்சிளம் பருவத்துச் சர்க்கரைக் குறைவால் வரும் மூளைச் சேதம், முதல் வருடங்களில் தொடங்குகிற வலிப்பு நோய்க்கு ஒரு முக்கியக் காரணம் என்று சொன்னது. தடுத்திருக்கக்கூடிய வலிப்பு என்பதுதான் இதில் மனசைப் பிசைகிற விஷயம்.

பல நேரம் வெளியே எந்த அடையாளமும் தெரியாது என்பது இன்னொரு தொல்லை. கை கால் நடுக்கம், சோர்வு, பால் குடிக்காமை, நீலம் பாய்தல் எல்லாம் வரலாம், வராமலும் போகலாம். வந்தாலும் கிருமித் தொற்றிலும் இதே அறிகுறிகள்தான். ஆக, ரத்தத்தைப் பார்த்தால்தான் தெரியும். அதனால்தான் அந்தச் சின்ன மீட்டர் வார்டில் அவ்வளவு முக்கியமான பொருளாக இருக்கிறது.

பெரியவர் ரத்தம் வேறு, குழந்தை ரத்தம் வேறு

வீட்டு மீட்டர்களுக்கான சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 15197. அதன் 2013-ம் ஆண்டுப் பதிப்பு சொல்வது: சர்க்கரை 100-க்குக் கீழே இருக்கும்போது, நூற்றில் 95 முடிவுகள் உண்மையான அளவிலிருந்து 15 மில்லிகிராம் கூடவோ குறையவோ இருக்கலாம். அந்த வரம்புக்குள் இருந்தால் மீட்டர் பாஸ்.

பெரியவருக்கு இது போதும். 180 இருக்க வேண்டிய இடத்தில் 195 வந்தால் மாத்திரையில் ஒன்றும் தலைகீழ் மாற்றம் வராது. இதையே குழந்தைக்குப் போட்டுப் பாருங்கள். உண்மையான அளவு 45. மீட்டர் 30 என்றும் காட்டலாம், 60 என்றும் காட்டலாம். இரண்டுமே விதிப்படி சரி! 30 என்றால் வார்டே பரபரக்கும். 60 என்றால் "பரவாயில்லம்மா, பால் குடுங்க" என்று அடுத்த குழந்தையிடம் போய்விடுவார்கள். மீதி ஐந்து சதவீத முடிவுகள் இந்த வரம்பையும் தாண்டிப் போகலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

அமெரிக்காவின் எஃப்டிஏ 2016-ல் மருத்துவமனையில் பயன்படுத்தும் மீட்டர்களுக்கு என்று தனி வழிகாட்டுதல் கொண்டுவந்தது. வீட்டுக்கு வேறு, மருத்துவமனைக்கு வேறு என்று பிரித்ததே ஒரு நல்ல காரியம். அதில் 75-க்குக் கீழே 12 மில்லிகிராம் வரை வித்தியாசம் இருக்கலாம். கொஞ்சம் இறுக்கம். ஆனாலும் 45 என்பது 33-ஆகவும் 57-ஆகவும் தெரிய இடமிருக்கிறது.

அடுத்த சிக்கல் சிவப்பணுக்கள். லேப் ரிப்போர்ட்டில் 'பிசிவி' என்று ஒரு வரி வருமே, அது ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீத இடத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றன என்பதைச் சொல்வது. பெரியவருக்கு நாற்பதை ஒட்டி இருக்கும். பிறந்த குழந்தைக்கு ஐம்பது, அறுபது சாதாரணம். சில குழந்தைகளுக்கு 65-ஐத் தாண்டும். ஸ்ட்ரிப்பில் இருக்கும் நொதியிடம் போய்ச் சேர வேண்டியது ரத்தத்தின் நீர்ப்பகுதியில் இருக்கிற குளுக்கோஸ். சிவப்பணுக்கள் நெருக்கியடித்து நின்றால் நீர்ப்பகுதியும் குறைவு, வழியும் அடைபடும். அதனால் மீட்டர் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். சரியாக இருக்கிற குழந்தைக்கும் 'சர்க்கரை குறைஞ்சிடுச்சு' என்ற பேர் வந்துவிடும்.

தலைகீழாகவும் நடக்கும், அதுதான் இதைவிட ஆபத்து. தீவிர சிகிச்சைப் பிரிவில் வாரக்கணக்கில் இருக்கிற குறைமாதக் குழந்தைக்கு, சோதனைக்கென்று ரத்தம் எடுத்து எடுத்தே ரத்தசோகை வரும். பிசிவி இறங்கிவிடும். அப்போது அதே மீட்டர் உண்மையைவிட அதிகமாகக் காட்டும். நிஜமாகவே சர்க்கரை குறைந்த குழந்தை 'நார்மல்' ஆகிவிடும். ஒரே வார்டில், ஒரே மீட்டர், பக்கத்துப் பக்கத்து இரண்டு வார்மரில் இரண்டு எதிர்த் திசைகளில் தப்பு பண்ணும்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. பிசிவியையும் சேர்த்து அளந்து, கணக்கைத் தானே திருத்திக்கொள்ளும் மருத்துவமனை மீட்டர்கள் வந்திருக்கின்றன. விலை கூடுதல். உங்கள் வார்டில் இருப்பது எந்த வகை என்று தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி, டப்பாவுக்குள் எட்டாக மடித்து வைத்திருக்கும் அந்தத் தாளை விரித்துப் படிப்பது. பொடி எழுத்தில் எங்காவது ஓரத்தில், எந்தப் பிசிவி வரைக்கும் வேலை செய்யும், பிறந்த குழந்தைகளுக்குப் பயன்படுத்தலாமா கூடாதா என்று இருக்கும். 'பச்சிளங்குழந்தைகளுக்கு அல்ல' என்று தயாரித்த கம்பெனியே எழுதி வைத்திருக்கிற மீட்டர்கள் உண்டு.

லேப் சொல்வது வேதவாக்கா?

"அப்போ லேபுக்கு அனுப்பிடலாமே?" என்று தோன்றும். அனுப்பணும்தான். ஆனால் லேப் முடிவுக்கும் ஒரு பலவீனம் இருக்கிறது, அது தூரமும் நேரமும்.

ரத்தத்தை எடுத்துக் குழாயில் போட்ட பிறகும் செல்கள் உயிரோடு இருக்கும், குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும். சாதாரண அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். குழந்தை ரத்தத்தில் செல்கள் அதிகம் என்பதால் வேகமும் கூடலாம். சாம்பல் மூடி போட்ட ஃபுளோரைடு குழாய் இதை நிறுத்தும் என்று நம்புகிறோம், ஆனால் அது முழுசாக வேலையைக் காட்ட ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். மணிக்கு 6 சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். எடுக்கும்போது 50. ஒரு மணி நேரம் கழித்து 47. இரண்டு மணி நேரம் கழித்து 44. நம் நாட்டு அரசு வழிகாட்டுதலில் சர்க்கரைக் குறைவு என்பதற்கான கோடு 45. குழாய் மேஜையில் கிடந்த நேரமே ஒரு நல்ல குழந்தையை நோயாளி ஆக்கிவிட்டது!

ஆகவே மாதிரியை ஐஸில் வைத்து உடனே கொண்டுபோய், உடனே பிரித்துப் பார்க்கிற லேப்தான் உண்மையான லேப். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி தாலுகா மருத்துவமனையில் அது எந்த அளவுக்குச் சாத்தியம் என்று உங்களுக்கே தெரியும்.

மீட்டரின் மதிப்பு இங்கேதான் புரிகிறது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்ததே, அதற்குப் பிறகு இந்தப் பக்கத்துக் கிராமங்கள் பலவற்றில் வாரக்கணக்கில் கரன்ட் இல்லை. பெரிய லேப் மெஷின் கரன்டும் ஏசியும் கேட்கும். குளுக்கோமீட்டருக்கு ஒரு சின்ன பேட்டரி போதும். டெல்டாவின் கடைக்கோடியில் அதை வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் அதே கடைக்கோடிக்கு இன்னொரு குணமும் இருக்கிறது. அகஸ்தியன்பள்ளி உப்பளம் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை: ஐப்பசியில் உப்பு ஜாடியைத் திறந்து வைத்தால் என்ன ஆகும்? கசிந்து தண்ணீராகிவிடும். ஸ்ட்ரிப் டப்பாவின் மூடியைத் திறந்து வைத்தாலும் காற்றின் ஈரம் இதே மாதிரி உள்ளே போகும். ஸ்ட்ரிப் கசியாது, பார்க்க அப்படியே இருக்கும், ஆனால் உள்ளே இருக்கிற நொதி கெட்டிருக்கும், எண் தப்பாக வரும். பெரும்பாலான ஸ்ட்ரிப்களை 30 டிகிரிக்குள் வைக்கச் சொல்லி டப்பாவிலேயே எழுதியிருக்கும். திறந்த பிறகு மூன்று மாதம் என்று கெடு போட்டிருப்பவையும் உண்டு. சித்திரை வெயிலில் ஏசி இல்லாத அறையில் 30 டிகிரி எங்கே இருக்கிறது? குழந்தை வார்டே சூடாகத்தான் இருக்க வேண்டும் என்பது வேறு விஷயம்.

குத்துகிற கையிலும் விஷயம் இருக்கிறது. ஸ்பிரிட் காயும் முன் குத்தினால் தப்பு. குதிகால் சில்லென்று இருந்து, அதைப் பிசைந்து பிசைந்து ரத்தம் வரவழைத்தால் திசுநீரும் கலந்து வரும், அதுவும் தப்பு. டெக்ஸ்ட்ரோஸ் டிரிப்ஸ் மாற்றின கையுறையோடே ஸ்ட்ரிப்பைத் தொட்டால் எகிறும். பாட்டி சர்க்கரைத் தண்ணீரில் விரலை நனைத்து 'சேனை' வைத்துவிட்டு அதே கையால் குழந்தையின் காலைத் தடவிக் கொடுத்திருந்தாலும் அப்படித்தான். (சேனை வைக்காதீர்கள் என்று மருத்துவர்கள் சொல்வதற்கு வேறு பெரிய காரணங்கள் உண்டு. இது சும்மா ஒரு கூடுதல் காரணம்.)

கோடு எங்கே போடுவது?

மீட்டர் சரியாகவே காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். எத்தனைக்குக் கீழே போனால் ஆபத்து? இதிலேயே உலகம் ஒத்துப்போகவில்லை. சில இடங்களில் 40. நம் அரசு வழிகாட்டுதலில் 45. நியூஸிலாந்து, நெதர்லாந்து ஆய்வாளர்கள் பேசுவது 47. அமெரிக்கக் குழந்தை நாளமில்லாச் சுரப்பி நிபுணர்கள் 2015-ல் சொன்னது, முதல் இரண்டு நாளில் 50.

நெதர்லாந்தில் 'ஹைப்போஎக்ஸிட்' என்று ஓர் ஆய்வு. 2020-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. சர்க்கரை குறையும் வாய்ப்புள்ள, மற்றபடி ஆரோக்கியமான 689 குழந்தைகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு 47-க்குக் கீழே போனால் சிகிச்சை, இன்னொரு பாதிக்கு 36-க்குக் கீழே போனால் மட்டும் சிகிச்சை. ஒன்றரை வயதில் பார்த்தபோது 36-க்குக் காத்திருந்த குழந்தைகளின் வளர்ச்சி மற்றவர்களைவிட மோசமாக இல்லை.

இதைப் படித்துவிட்டு "அப்போ 36 வரைக்கும் விடலாம்" என்று சொல்வது சுலபம். அங்கேதான் வேதாரண்யம் வேறு, ஆம்ஸ்டர்டாம் வேறு. 36-க்கும் 47-க்கும் நடுவே இருப்பது 11. வீட்டு மீட்டருக்கு அனுமதிக்கப்பட்ட பிழையே 15. கோட்டைக் கீழே இறக்கணும் என்றால் முதலில் அளவுகோல் அதைத் தாங்கணும். அரை அடி வரை தப்பு காட்டுகிற டேப்பை வைத்துக்கொண்டு அரை அங்குலத்துக்குச் சண்டை போட முடியாதில்லையா!

சரிபார்ப்பது எப்படி?

ஒரு மீட்டரை எடைபோடுவது கேட்க எளிது. ஒரே நேரத்தில் ஒரே குழந்தையிடம் எடுத்த ரத்தத்தில் ஒரு துளி மீட்டருக்கு, மீதி நல்ல லேபுக்கு அல்லது ரத்த வாயு அளக்கும் ஏபிஜி மெஷினுக்கு. இப்படி நிறைய ஜோடிகள் சேர்த்து ஒப்பிடணும். தடுக்கி விழுகிற இடம் ஒப்பிடுகிற முறையில் இருக்கிறது.

பல ஆய்வுகள் 'இரண்டுக்கும் நல்ல தொடர்பு இருக்கிறது' என்று முடித்துவிடும். அது போதாது. எப்போதும் பத்து நிமிஷம் வேகமாக ஓடுகிற கடிகாரத்துக்கும் சரியான கடிகாரத்துக்கும் பிரமாதமான தொடர்பு இருக்கும், ஆனாலும் பஸ் விஷயத்தில் அது உங்களை ஏமாற்றிவிடும். பிளாண்ட், ஆல்ட்மன் என்ற இரண்டு பிரிட்டிஷ் புள்ளியியலாளர்கள் 1986-லேயே லான்செட் இதழில் இதைத்தான் சொன்னார்கள்: தொடர்பைப் பார்க்காதே, ஒவ்வொரு ஜோடியிலும் எவ்வளவு வித்தியாசம் என்று பார்.

இரண்டாவது பொறி இன்னும் நைசானது. ஒரு பேச்சுக்கு 200 ஜோடி எடுக்கிறோம். 180 குழந்தைக்குச் சர்க்கரை சரியாக இருக்கிறது, 20 பேருக்குக் குறைவு. அந்த 180-ஐயும் மீட்டர் சரியாகச் சொல்கிறது, 20-ல் 6 பேரைக் கோட்டை விடுகிறது. மொத்தமாகப் பார்த்தால் 200-க்கு 194, அதாவது 97 சதவீதம் சரி! விளம்பரத்தில் போட அழகான எண். ஆனால் யாருக்காக அந்த மீட்டரை வாங்கினோமோ, அந்த இருபது பேரில் ஆறு பேர் கைவிடப்பட்டார்கள். பத்தில் மூன்று. மீட்டர் மதிப்பீட்டு ரிப்போர்ட் எதைப் பார்த்தாலும் 45-க்குக் கீழே என்ன நடந்தது என்ற பக்கத்தை முதலில் திருப்புங்கள்.

2004-ல் 'ஆர்க்கைவ்ஸ் ஆஃப் டிசீஸ் இன் சைல்டுஹுட்' இதழில் வந்த ஓர் ஆய்வு, ஐந்து மீட்டர்களைப் பச்சிளங்குழந்தைகளின் குறைந்த சர்க்கரை அளவில் வைத்துச் சோதித்தது. எந்த ஒன்றையும் அது மட்டுமே போதும் என்று நம்ப முடியாது என்பதுதான் முடிவு. அதற்குப் பிறகு தொழில்நுட்பம் முன்னேறியிருக்கிறது, நல்ல மீட்டர்கள் வந்திருக்கின்றன. ஆனால் 'நல்ல மீட்டர்' எது என்பது சோதித்த பிறகு தெரிகிற விஷயம், பிராண்டைப் பார்த்துத் தெரிவதல்ல.

"எப்படியும் சிகிச்சை கொடுத்துடறோமே?"

அனுபவமுள்ள மருத்துவர்கள் ஒரு நியாயமான பதில் சொல்வார்கள். மீட்டர் குறைவாகக் காட்டினால் லேபுக்கு ரத்தம் எடுத்துவிட்டு, முடிவுக்குக் காத்திருக்காமல் சிகிச்சையை ஆரம்பித்துவிடுவோம். கொஞ்சம் பாலோ டெக்ஸ்ட்ரோஸோ கூடப் போனால் என்ன கெட்டுப்போயிற்று? முதல் பாதி முழுக்கச் சரி. காத்திருக்கவே கூடாது. மீட்டர் குறைவு என்றால் அது தப்பாக இருக்கலாம் என்று வாதம் பண்ணிக்கொண்டு நிற்கிற நேரம் அல்ல அது.

இரண்டாவது பாதியில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. நரம்பில் ஊசி ஏற்றினால் தொற்றுக்கு ஒரு வாசல் திறக்கிறது. அம்மாவிடமிருந்து பிரித்தால் பால் சுரப்பு தடுமாறும், சர்க்கரையைக் காப்பாற்ற இருக்கிற மலிவான மருந்தே அந்தப் பால்தான். ஐம்பது கிலோமீட்டர் வண்டியில் போகும் பிஞ்சு உடம்பு சில்லிட்டால், சர்க்கரை நிஜமாகவே இறங்கும். இதில் எதற்கும் 'என்ன கெட்டுப்போயிற்று' என்று சொல்ல முடியாது. அது போக, இந்த வாதம் மீட்டர் குறைவாகக் காட்டும் தப்புக்கு மட்டும்தான் பொருந்தும். அதிகமாகக் காட்டித் தூங்க வைக்கிற தப்புக்கு இதில் பதிலே இல்லை.

என்ன செய்யலாம்?

நம் நாட்டுத் திட்டப்படி பிரசவம் பார்க்கிற எல்லா இடத்திலும் ஒரு குழந்தை மூலை, அடுத்த நிலையில் நாலு படுக்கை கொண்ட நிலைப்படுத்தும் பிரிவு, மாவட்ட அளவில் குறைந்தது பன்னிரண்டு படுக்கை கொண்ட சிறப்புப் பிரிவு என்று மூன்று அடுக்கு. மூன்று அடுக்குக்கும் ஒரே மீட்டர் என்ற கணக்கு வேண்டாம். மாவட்டச் சிறப்புப் பிரிவில் ஏபிஜி மெஷின் இருந்து, அதுவும் ஓடிக்கொண்டு இருந்தால், சர்க்கரையும் அதிலேயே சில நிமிஷத்தில் நம்பகமாகத் தெரிந்துவிடும். சந்தேகமான எண் எதையும் அங்கே உறுதி செய்துகொள்ளலாம். தாலுகா அளவில் அந்த மெஷினைப் பராமரிப்பது கஷ்டம். அங்கேதான் பிசிவியைத் திருத்துகிற, குழந்தைகளுக்கென்று அனுமதி பெற்ற மீட்டர் கண்டிப்பாக வேண்டும். நடப்பதோ தலைகீழாக இருக்க வாய்ப்பு அதிகம். லேப் எங்கே தூரமோ அங்கேதான் மலிவு மீட்டர் போய்ச் சேரும்.

பணம் ஒதுக்காமலே நாளைக்கே செய்யக்கூடியதும் உண்டு. மீட்டரோடு கிடைக்கும் கன்ட்ரோல் சொல்யூஷனைத் தினமும் ஒருமுறை ஓட்டி நோட்டில் எழுதுவது. டப்பா திறந்த தேதியை மூடியில் எழுதி ஒட்டுவது. மீட்டர் எண்ணுக்குப் பக்கத்திலேயே குழந்தையின் பிசிவியையும் கேஸ் ஷீட்டில் எழுதுவது. பெற்றோரும் தயங்காமல் கேட்கலாம்: "மறுபடி ஒரு தடவை பார்த்தீங்களா சிஸ்டர்? லேபுக்கு அனுப்பியாச்சா?" இது சண்டை இல்லை, கேட்க வேண்டிய கேள்வி.

பெரிய சாவி தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்திடம் இருக்கிறது. 1994-ல் தொடங்கியதிலிருந்து அரசு மருத்துவமனைகளுக்கு மொத்தமாகக் கொள்முதல் செய்து, விலையைக் குறைத்து, மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துக் கற்றுக்கொண்டு போன அமைப்பு. மலிவாக வாங்கத் தெரிந்தவர்களுக்கு டெண்டரில் சில வரிகள் சேர்ப்பது பெரிய வேலை இல்லை. பச்சிளங்குழந்தைகளுக்குப் பயன்படுத்தலாம் என்று உற்பத்தியாளர் எழுத்தில் தர வேண்டும். பிசிவி 65 வரைக்குமாவது சரியாக வேலை செய்ய வேண்டும். 45-க்குக் கீழே உள்ள மாதிரிகளில் எப்படி இருந்தது என்ற முடிவைத் தனியாகக் காட்ட வேண்டும். கன்ட்ரோல் சொல்யூஷன் இல்லாமல் ஸ்ட்ரிப் சப்ளை கூடாது.

அந்தச் சோதனையை யார் செய்வது என்றால், டெல்டாவிலேயே ஆள் இருக்கிறது. தஞ்சாவூர், திருவாரூர் மருத்துவக் கல்லூரிகளோடு, 2022-ல் திறந்த நாகப்பட்டினம் கல்லூரியும் இப்போது இருக்கிறது. குழந்தை மருத்துவத்தில் எம்.டி. படிக்கிற ஒவ்வொருவரும் ஓர் ஆய்வேடு எழுதியாக வேண்டும். இதற்கென்று குழந்தையைத் தனியாகக் குத்தக்கூட வேண்டாம். பெற்றோர் சம்மதத்தோடும் நெறிமுறைக் குழு அனுமதியோடும், எப்படியும் லேபுக்கு எடுக்கிற ரத்தத்தில் சிரிஞ்சில் மிஞ்சுகிற கடைசித் துளி போதும். ஸ்ட்ரிப் ஒன்று பத்து, இருபது ரூபாய். இருநூறு ஜோடிக்கு ஸ்ட்ரிப் செலவு நாலாயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும்.